பெயரைச் சொல்லி வாங்கிய ரேடியோப் பணம்

கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த சீர் ஒரு கிடேரிக் கன்று. அதை விற்றுத்தான் என் வீட்டுக்காரர் ரேடியோ வாங்கினார். என்னைக் கேட்காமல் விற்கவில்லை. கேட்டார், நான்தான் தலையை ஆட்டினேன். எனக்குப் பாட்டு என்றால் உயிர். கன்று வளர்ந்து ஈன்று பால் கறக்க எத்தனையோ காலம் ஆகும், ரேடியோ இன்றைக்கே பாடும் என்று நினைத்தேன்.

விழுப்புரத்தில் ரயில் பாதை ஓரம் எங்கள் வாடகை வீடு. ஒரே அறை, பின்னால் ஒரு கொட்டகை, ஒரு வேப்பமரம். அவருக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடும் வேலை. சரக்கு லாரியில் திண்டிவனம் போகும்போது அங்கே ஒரு கடையில் அந்த ரேடியோவைப் பார்த்து வைத்திருந்தார். பட்டணத்தில் யாரோ செய்து அனுப்புகிற பெட்டி. மற்றதைவிட விலை குறைவு. வாங்கி வந்த மறுநாளே தபாலாபீசுக்குப் போய் லைசென்சு கட்டினார். லைசென்சு இல்லாமல் பாட்டு கேட்டால் போலீசு வரும் என்று எனக்குப் பயம். அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டி, "இப்ப தகிரியமா கேளு" என்றார்.

தை மாதம் வந்த ரேடியோ வைகாசியில் நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் பாடிக்கொண்டே இருந்தது, திடீரென்று பின்பக்கம் புகை வந்தது. ரப்பர் தீய்ந்த மாதிரி நாற்றம். நான் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனேன். அவர்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர், "கரண்ட்டு ஏறி எறங்கினா அதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டாராம். கூலி வாங்கிக்கொண்டு சரி செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பாடியது. மறுபடியும் அதே புகை, அதே நாற்றம். இரண்டாவது தடவை போனபோது கடை வாசலில் இவரைப் போலவே ஆட்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் அதே பெட்டி. அங்கேதான் என் வீட்டுக்காரருக்கு அந்த எண்ணம் வந்தது. தனித்தனியாகக் கேட்டால் விரட்டுகிறான், எல்லாரும் சேர்ந்து கேட்டால் என்ன செய்வான்?

திண்டிவனம் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேஸ் போடலாம், நான்கு பேர் முன்னால் நின்றால் போதும், ஜெயித்தால் எல்லாருக்கும் உண்டு என்று அவர் சொன்னார். பேப்பரில் நோட்டீசு போட்டார்கள். ஊர்களில் தண்டோராவும் போட்டார்கள். ஆனால் பேப்பர் படிக்கிறவர்களா அந்த ரேடியோவை வாங்கியவர்கள்? அவர்களைத் தேடிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். மண்டி லீவு விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெடாருக்குப் போவார், ஒலக்கூருக்குப் போவார். யார் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போவார்.

நான் சண்டை போடுவேன்.

"ஊரான் ஊட்டு ரேடியோவுக்கெல்லாம் நீங்கதான் சொந்தக்காரரா? போய்க்கினே இருங்க. ரேடியோதான் பேசல. நீங்களாவது ஊட்ல இருந்து பேசக்கூடாதா?"

"பேசறேன் பேசறேன். உன் கன்னுக்குட்டிய திருப்பி உன் கையில புடிச்சுக் குடுத்துட்டு ஒக்காந்து பேசறேன்."

அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவணி மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்தார், காய்ச்சல் கண்டது. சுக்குக் கஷாயம் கொடுத்தேன். இரண்டு நாளில் எழுந்து மறுபடியும் போனார். திரும்பி வந்து படுத்தவர்தான். ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். புரட்டாசியில் போய்விட்டார்.

ரேடியோவால்தான் போனார் என்று நான் சொன்னால் எல்லாரும் என்னை அடக்குவார்கள். விதி என்பார்கள். எனக்கு விதி தெரியாது. அந்தப் பெட்டியைத் தெரியும். அது அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துப் போட்டு உடைக்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ தடவை கை துடித்தது. ஆனால் அதன் குமிழில் அவர் விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதனால் உடைக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் என் மாமியார் கெடாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். மகன் போன பிறகு அத்தை யாரிடமும் பேசுவதில்லை. என் அப்பா என்னைக் கூப்பிட வந்தார்.

"தனியா ஒரு பொட்டப்புள்ள எப்படிம்மா இருப்ப? கெளம்பு."

"இங்கியே இருக்கறேம்பா. ஒரு மாடு இருந்தா போதும். பால் ஊத்திப் பொழச்சுக்குவேன்."

"மாடு வாங்கிக் குடுக்க எங்கிட்ட இன்னா கீது?"

"ரேடியோ பணம் வரும்."

அப்பா அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வந்தா இரு. வரலன்னா சித்திரையில வந்து கூட்டிக்கினு போயிடுவேன்" என்றார்.

அப்பா நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டில் எனக்கு அடுத்து இரண்டு தங்கைகள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நான் வெறும் நெற்றியோடு நடமாட முடியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அப்பா வீட்டில் என் வீட்டுக்காரர் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இந்த அறையில்தான் அவர் இருந்தார். சட்டை மாட்டும் ஆணி இங்கே. தலை வைத்துப் படுத்துச் சுவரில் விழுந்த எண்ணெய்க் கறை இங்கே. நான் போனால் வீட்டுச் சொந்தக்காரர் சுண்ணாம்பு அடித்து வேறு யாருக்காவது விடுவார். எனக்குப் பணம் வேண்டியது மாட்டுக்கு. மாடு வேண்டியது அந்தக் கறைக்குப் பக்கத்தில் படுப்பதற்கு.

மார்கழியில் கேஸ் ராஜியானது. கடைக்காரர் இறங்கி வந்துவிட்டார். யார் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு விலையைத் திருப்பித் தருவது என்று ஒப்புக்கொண்டாராம். வாங்கினவர்கள் பெயரை லிஸ்ட்டு எழுத வக்கீல் குமாஸ்தா ஊர் ஊராக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உங்க வூட்டுக்காரர் பேரு சொல்லும்மா, எழுதிக்கறேன்."

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் வாங்கும் சங்கக் கடையில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பக்கத்தில் நிற்கிற யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் இல்லையென்றால் ஜாடையாகச் சொல்வோம். நானும் அப்படியே, "மயிலத்து சாமி பேருங்க" என்றேன்.

"அட, புரிஞ்சிடுச்சும்மா" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை. நான் நான்காவது வரை படித்தவள், படிக்கத் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தில் அவர் பெயரைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சொல்லி, பெட்டியோடு திண்டிவனம் வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு அறுப்பு வேலை, வர முடியவில்லை. ரேடியோவை என் வீட்டுக்காரர் வேட்டியில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா மூட்ட? லக்கேஜ் போடணும்."

"ரேடியோங்க."

"பாடுமா?"

"பாடாதுங்க."

"பாடாத ரேடியோவுக்கு இன்னா லக்கேஜு? புள்ள மாதிரி மடியில வெச்சுக்கினு குந்து" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை.

அன்றைக்கு மயிலத்தில் உத்திரத் திருவிழா. பஸ் முழுக்கக் காவடிக்காரர்கள். மஞ்சள் வேட்டி, விபூதி வாசனை. ஒருவர் சாமி பெயர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அரோகரா என்றார்கள். அதில் என் வீட்டுக்காரர் பெயரும் வந்தது. தொண்டை கிழியக் கத்தினார்கள். சின்னச் சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கினார்கள். நான் ஒருத்திதான் அந்த பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டேரிப்பட்டில் அவர்கள் இறங்கியதும் பஸ் காலியாகிவிட்டது. மீதி இருந்தவர்கள் மலைப்பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவருக்குப் பெயர் கொடுத்த சாமி அவரைப் பார்த்துக்கொள்ளவில்லை. இன்னும் எனக்குக் கோபம்தான்.

வக்கீல் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசை. தலையில், சைக்கிள் கேரியரில், சாக்குப் பையில், எல்லாம் அந்த ஒரே ரேடியோ. என் முன்னால் நின்ற பெரியவர் கெடாரிலிருந்து வந்த விவசாயி. துண்டில் சுற்றிய பெட்டியைக் கோழியைப் போலக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"இத்தன ரேடியோ கீது, ஒண்ணாவது பாடுதா பாரு. எழவு ஊட்டுல வந்து குந்தினா மாதிரி கீது" என்றார் யாரிடமோ. பிறகு என்னிடம், "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"விழுப்புரங்க. மண்டியில எட போடறவரு ஊட்டுலேந்து வர்றேன்."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "மண்டிக்காரத் தம்பி சம்சாரமா நீ? அடக் கடவுளே. அவரு சைக்கிள்ல வந்து சொல்லலன்னா நாங்க யாரு இங்க வரப்போறோம்? எங்க ஊட்டு வாசல்ல குந்தி மோர் குடிச்சிட்டுப் போனாரும்மா." பின்னால் திரும்பி, "யோவ், மண்டிக்காரரு சம்சாரம்யா" என்றார். வரிசையில் பல பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மேசையில் வக்கீல், பக்கத்தில் குமாஸ்தா, எதிரில் கடைக்காரர். நான் கடை பில்லையும் லைசென்சையும் கொடுத்தேன். கடைக்காரர் வாங்கிப் படித்தார். லிஸ்ட்டைப் பார்த்தார். இரண்டையும் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஏம்மா, லிஸ்ட்ல ஒரு பேரு, பில்லுல ஒரு பேரு. உனக்கு இன்னா ரெண்டு புருஷனா?"

பின்னால் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கெடார்க்காரர், "யோவ், வாய அடக்குய்யா. அந்த ஆளு செத்து வருசம் திரும்பல" என்று சத்தம் போட்டார்.

குமாஸ்தா லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தார். "நீங்கதானேம்மா மயிலத்து சாமி பேருன்னு சொன்னீங்க?"

"அந்தச் சாமி பேருதாங்க. நீங்க எழுதினது வேறங்க."

"அந்தச் சாமிக்கு ஆயிரம் பேரு கீதேம்மா! எனக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்கு வேணாங்க" என்றார் கடைக்காரர். "யாரோட பில்லையோ எடுத்துக்கினு யாரு வேணா வரலாம். பெட்டி யாருதுன்னு நான் எப்படி நம்பறது?"

வக்கீல் கெடார்க்காரரைப் பார்த்தார். "உங்களுக்கு அவரைத் தெரியும்னீங்களே. அவர் பேரு என்ன?"

பெரியவர் வாயைத் திறந்தார். "மண்டிக்காரருன்னுதாங்க கூப்புடுவோம். பேரு… பேரு யாருங்க கேட்டா?"

வரிசையில் கேட்டார்கள். ஒலக்கூர்க்காரர்களுக்கும் தெரியவில்லை. என் கையைப் பிடித்த அம்மாவுக்கும் தெரியவில்லை. எத்தனை வீட்டில் தண்ணீர் குடித்திருப்பார், மோர் குடித்திருப்பார். எல்லாருடைய பெயரையும் கேட்டுக்கொண்டு போனவர் தன் பெயரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் வாயால நீ சொல்லணும்மா. நான் எடுத்துக் குடுத்தா இவர் ஒத்துக்க மாட்டார். சொல்றதுக்குக் கஷ்டமா இருந்தா எழுதிக் காட்டு." ஒரு பென்சிலை நகர்த்தி வைத்தார்.

பென்சிலை எடுத்தேன். சொல்ல ஏன் முடியவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கம் இல்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்று இத்தனை நாளும் காத்து வைத்திருந்தேன். அவர் போன பிறகும் காத்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்துவிட்டால், இனிமேல் குறைய ஒன்றும் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். சொல்லாமல் போனால் பணம் இல்லை, மாடு இல்லை, சித்திரையில் அப்பா வந்துவிடுவார்.

எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எழுதினால் மேசையில் இருக்கிறவர்கள் மட்டும் படிப்பார்கள். பின்னால் நிற்கிறவர்கள் அவரை மண்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டே ஊருக்குப் போவார்கள். பென்சிலைக் கீழே வைத்தேன். மேசைப் பக்கம் பார்க்காமல் வரிசைப் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அப்புறம் கெடார்க்காரர் அந்தப் பெயரை மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் காது கேட்காதவர் போல, "இன்னாவாம்?" என்றார். அவருக்கு ஒருவர் சொன்னார். அப்படியே வாசல் வரை போயிற்று.

கடைக்காரர் பில்லைத் திருப்பிப் பார்த்தார். குமாஸ்தா லிஸ்ட்டில் அடித்துத் திருத்தினார். என் பெட்டியை ஒரு ஆள் வாங்கிக்கொண்டு போய்ச் சுவர் ஓரம் குவிந்து கிடந்த மற்ற பெட்டிகள் மேல் வைத்தார். வேட்டியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். நான் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் பார்த்தேன். எது எங்கள் ரேடியோ என்று அதற்குள் தெரியவில்லை.

சித்திரையில் அப்பா வந்தார். என்னைக் கூட்டிப்போக இல்லை. ரேடியோப் பணத்தோடு தன் அறுப்புக் கூலியையும் போட்டுச் சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்க வந்தார். கன்றோடு ஒரு சிவப்பு மாடு. கொட்டகையில் கட்டினோம். வீட்டுச் சொந்தக்காரருக்கு வாடகை கொடுத்தேன். காலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பால் ஊற்றுகிறேன். அந்த அறையில்தான் படுக்கிறேன்.

வைகாசியில் அத்தை வந்தார். கெடாரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். அந்தப் பெரியவர் ஊரில் சொல்லியிருக்கிறார்.

உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எம்புள்ள பேர நாலு பேரு முன்னால சொன்னியாமே?" என்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா அத்த" என்றேன்.

"எங்க, சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன்.

"சொல்லுடி. அவன எடுத்த அன்னியிலேந்து அந்தப் பேர யாரும் சொல்லி நான் கேக்கல. எங்க ஊட்ல எல்லாரும் போனவன் போனவன்னுதான் சொல்றாங்க."

சொன்னேன். அத்தை தலையை ஆட்டினார். "அப்பிடி இல்ல. நீ லிஸ்ட்டுல படிக்கிறாப்பல சொல்ற. மல்லாட்டக் கொல்லையில இருப்பான், நான் கஞ்சி எடுத்துக்கினு வரப்புல நின்னு கூப்புடுவேன். கடேசி எழுத்த இழுக்கணும். இரு."

எழுந்து கொட்டகைப் பக்கம் போய், வேப்பமரத்தடியில் நின்று, வாயருகே கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை மாதம் பேசாமல் இருந்த தொண்டையில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

கூப்பிட்டு முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், அவர் சைக்கிளில் வருகிற சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். பார்த்துக்கொண்டே நின்றோம்.

பிறகு அத்தை, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாளியை அவரே எடுத்துக்கொண்டு போனார்.